குல்மார்க் நாட்குறிப்பு: ஐம்பதாம் பிறந்தநாளும் இரண்டு பலகைகளும்

பிப்ரவரி 7

காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்குக்கு வந்து சேர்ந்துவிட்டோம். இரவு ஒன்பது மணி. அறை நடுவில் புகாரி அடுப்பு எரிகிறது. தகர உருளைக்குள் விறகு போட்டு, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்பும் அடுப்பு. அதன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் டைப் செய்ய விரல் மடங்குகிறது.

வருகிற 12-ம் தேதி எனக்கு 50 வயது நிறைகிறது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அம்மா திருச்செந்தூர் போகலாம் என்றாள். அண்ணன் குற்றாலத்தில் எல்லோருக்கும் அறை போடுகிறேன் என்றான். நான் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். வீடே கொஞ்ச நேரம் பேசவில்லை.

காரணம் பழையது. ஆறாம் வகுப்பில் என் கணக்கு நோட்டுக்கு அப்பா ஒரு ரஷ்யப் பத்திரிகையின் வழவழப்பான தாளைக் கிழித்து அட்டை போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகளின் நோட்டுக்கு அந்தத் தாள்தான் அட்டை. என் அட்டையில் வெள்ளை மரங்களுக்கு நடுவே நாலைந்து சிறுமிகள், காலில் நீளமான பலகை மாட்டிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் போகிறவள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். பாளையங்கோட்டை வெயிலில் ஒரு வருடம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வகுத்தல் கணக்குப் போட்டேன். அப்பா போய் 11 வருடமாகிறது. அந்த நோட்டும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்தப் படம் மட்டும் மறக்கவில்லை.

டெல்லியில் படிக்கும் மகள் அங்கே எங்களோடு சேர்ந்துகொண்டாள். மூடுபனியால் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். ஸ்ரீநகரில் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. அங்கிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். நார்பல், மாகம் வழியாகச் சமவெளிச் சாலை. இரண்டு பக்கமும் இலையுதிர்த்த பாப்லர் மரங்கள், துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்தது மாதிரி. தங்மார்க் வந்ததும் மலை எழுகிறது. கடைசி 13 கிலோமீட்டருக்கு, பனி கிடந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியில்தான் போக வேண்டும். நாங்களும் வண்டி மாறினோம். சங்கிலி பனியைக் கடிக்கும் சத்தம், கரும்பு ஆலையில் கரும்பு நசுங்குகிற சத்தம் போல, மலை ஏறும் வரை கூடவே வந்தது.

ஒரு விஷயம், போக நினைப்பவர்களுக்கு. வெளிமாநில பிரீபெய்டு சிம் இங்கே எடுக்கவில்லை. கணவரின் போன் ஸ்ரீநகரிலேயே ஊமையாகிவிட்டது. என்னுடையது போஸ்ட்பெய்டு என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

பிப்ரவரி 8

காலையில் திரையை விலக்கினால் ஜன்னலில் பாதிக்கு மேல் வெள்ளை. ராத்திரி முழுக்கப் பனி பெய்திருக்கிறது. மழை என்றால் சத்தம் கேட்டு எழுந்திருப்போம். இது ஒரு சத்தமும் இல்லாமல் ஊரை மூடிவிட்டது.

விடுதிக்காரருக்கு அப்படி ஒரு சந்தோஷம். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் புல் தெரியக் காய்ந்து கிடந்ததாம். செய்தியில் நானும் பார்த்திருக்கிறேன். "பனிதான் எங்களுக்கு விளைச்சல்" என்றார். வெறும் பேச்சில்லை. வாடகைக்குப் பலகை கொடுப்பவர், கற்றுக்கொடுப்பவர், சறுக்குவண்டி இழுப்பவர், தேநீர் போடுபவர், எல்லோருக்கும் இந்த இரண்டு மூன்று மாதத்துப் பனிதான் வருடத்துக்கான சோறு. இங்கே குளிருக்குப் பெயர் வைத்து நாள் குறித்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் சில்லை கலான் 40 நாள், அடுத்து சில்லை குர்து 20 நாள், கடைசியில் சில்லை பச்சா 10 நாள். பெரிய குளிர், சின்னக் குளிர், குழந்தைக் குளிர். நாங்கள் வந்திருப்பது சின்னக் குளிரில். அதற்கே என் போன் நேற்று ராத்திரி மைனஸ் 9 காட்டியது.

மதியம் சாமான் வாடகைக்கு எடுக்கப் போனோம். முதல் கடையில் எனக்கு ஒரு அளவு பெரிய பூட்ஸ் கொடுத்து, இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். வெளியே நின்றிருந்த பயிற்சியாளர் உள்ளே வந்து அதை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்களை வேறு கடைக்கு அழைத்துப் போனார். விடுதிக்காரர் ஏற்பாடு செய்த ஆள். முப்பது வயது இருக்கும். தங்மார்க் பக்கத்துக் கிராமம். பேச்சு குறைவு. பூட்ஸில் குதிகால் ஒரு துளி எழும்பினாலும் பலகை நம் பேச்சைக் கேட்காது, இரண்டு சாக்ஸ் போட்டால் காலும் மரத்துப்போகும் என்று மகளிடம் இந்தியில் சொல்ல, அவள் எனக்குச் சொன்னாள்.

அடுத்து என் எடை, உயரம், வயது கேட்டார். எதற்கு வயது என்று கேட்டேன். பலகையில் பூட்ஸைப் பிடித்துவைக்கும் கொக்கி அமைப்புக்கு 'பைண்டிங்' என்று பெயர். விழும்போது அது தானாக விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் நீளப் பலகை காலை முறுக்கி எலும்பையோ முட்டியின் தசைநாரையோ பதம் பார்த்துவிடும். ரொம்ப லேசில் விட்டாலும் ஆபத்து, நேராகப் போகும்போதே கழன்றுவிடும். எவ்வளவு அழுத்தத்தில் விட வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், ஓட்டும் திறமை இவற்றைப் பார்த்து ஓர் அட்டவணைப்படி திருகாணியைத் திருகி வைக்கிறார்கள். "49" என்றேன். பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டு, திருப்புளியை எடுத்து நான்கு இடத்திலும் திருகினார்.

கணவருக்கு முட்டி வலி இருப்பதால் அவர் பலகை மாட்டவில்லை. பார்வையாளர், போட்டோகிராபர், கஹ்வா என்ற காஷ்மீர்த் தேநீர் வாங்கித் தருபவர் மூன்று வேலையும் அவருக்கு.

பிப்ரவரி 9

இன்றைக்குக் கற்றதை வரிசையாக எழுதிவிடுகிறேன், நாளை மறந்துவிடும்.

முதலில் நடை. ஸ்கீ பூட்ஸ் கணுக்காலை மடங்கவே விடாது. முன்பக்கம் சாய்ந்தபடி கெட்டி பிளாஸ்டிக்கில் செய்தது. குதிகாலை முதலில் ஊன்றித்தான் நடக்க முடியும். படி இறங்குவது ஒரு தனிப் பாடம். பிறகு மாட்டுவது. அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, முன்பாதத்தை நுழைத்து, குதிகாலை மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்த நிமிடம் என் பாதம் என்னுடையதாக இல்லை. சமதரையில் நின்றுகொண்டிருந்தவள் பின்பக்கமாக நகர ஆரம்பித்தேன். நான் சமதரை என்று நினைத்தது சமதரை இல்லை. அப்படிச் சின்னச் சரிவுகளைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, பலகைதான் காட்டிக்கொடுக்கிறது.

கையில் ஊன்றுகோல் தரவில்லை. முதல் நாள் கோல் இருந்தால் அதையே பிடித்துத் தொங்குவீர்கள் என்றார்.

அடுத்து விழக் கற்றுக்கொடுத்தார். பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக, உட்காருவது போல விழ வேண்டும். அப்புறம் எழக் கற்றுக்கொடுத்தார், இதுதான் கடினம். படுத்தபடியே இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்கே கொண்டுவர வேண்டும், அதுவும் உடம்புக்குக் கீழ்ப்புறமாக. பலகையின் நுனி பள்ளத்தைப் பார்த்து இருந்தால், எழ எழ அது ஓடிக்கொண்டே இருக்கும். குறுக்கே வைத்துவிட்டால் ஓரம் பனியில் பதிந்து நிற்கும். அதன் மேல் பாரத்தைப் போட்டு, கையை ஊன்றி எழலாம். ஏழெட்டு முறை எழுந்தேன். கடைசி முறை யாரும் கை கொடுக்காமல் எழுந்தேன்.

பிறகுதான் சறுக்கல். பலகை இரண்டின் முன்நுனியும் நெருங்கி, பின்பக்கம் அகன்று இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பனி ஏர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளிடம் 'பீட்சா' என்கிறார்கள், பீட்சாத் துண்டின் வடிவமாம். எனக்கு ஓலைக்கூரையின் முகப்பு ஞாபகம் வந்தது. கூரையை அகலமாக்கினால் வேகம் குறையும், குறுக்கினால் கூடும். உள் ஓரங்கள் பனியைச் சீவி வேகத்தைப் பிடிக்கின்றன.

இவ்வளவு தெரிந்தும் முதல் பத்து முறை நான் நிற்கவில்லை, விழுந்துதான் நின்றேன். காரணம் ஒன்றே ஒன்று. பயம் வந்ததும் உடம்பு பின்னால் சாய்கிறது. மேட்டைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறது. பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பாதியில் எடை இல்லாமல் போய், அது இஷ்டத்துக்கு ஓடுகிறது. எந்தப் பக்கம் பயமாக இருக்கிறதோ அந்தப் பக்கம், அதாவது பள்ளத்தைப் பார்த்து, முன்னால் சாய வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்திக்கொண்டே இருக்க வேண்டும். "குட்னே, குட்னே" என்று பயிற்சியாளர் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே என் முன்னால் வந்தார். முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு. கண் மட்டும் கீழே பார்க்கக் கூடாது, "ஆகே தேக்கோ."

வ.உ.சி. மைதானத்தில் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எனக்குக் குரங்குப் பெடல் கற்றுக்கொடுத்தபோதும் இதையேதான் சொன்னான். டயரைப் பார்க்காதே, நேரே பார்.

மகள் மதியத்துக்குள் திரும்பக் கற்றுக்கொண்டுவிட்டாள். இரண்டு மணி நேரம் நான் அவளைப் பார்க்கவே இல்லை. பார்க்க நேரம் இல்லை.

பிப்ரவரி 10

தொடையை யாரோ உலக்கையால் இடித்தது போல இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில் இரண்டு காலிலும் நீலம் பூத்திருக்கிறது, பூட்ஸின் நாக்கு அழுந்திய இடம். அந்த நீலத்தைப் பார்த்ததும் பயிற்சியாளர் முதன்முறையாகச் சிரித்தார். முன்பக்கத்தில் வலித்தால் சரியாகச் சாய்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், பின்னங்காலில் வலித்தால் தப்பு.

இன்று லிஃப்ட். கேபிள் கார் இல்லை, தொடக்கக்காரர் மேட்டில் ஏற்றிவிடும் இழுவை லிஃப்ட். தலைக்கு மேலே ஓடும் கம்பி வடத்திலிருந்து ஒரு தடி தொங்கும், அதன் நுனியில் தட்டு. தட்டைத் தொடைகளுக்கு நடுவே விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. தட்டு என்றதும் உட்காரத்தான் தோன்றும், உட்கார்ந்தால் விழுவோம். நின்றபடியே இருந்தால் அது இடுப்பைத் தள்ளி மேலே கொண்டுபோய் விடும். இரண்டு முறை விழுந்து, வரிசையில் நிற்பவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நகர்ந்து, மூன்றாம் முறை மேலே போனேன். போகும் வழியில் பேசவில்லை, மூச்சுகூட விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மேலே நின்று பார்க்கும்போதுதான் குல்மார்க் முழுசாகத் தெரிந்தது. கிண்ணம் மாதிரி ஒரு புல்வெளி, சுற்றிலும் தேவதாருவும் ஃபிர் மரங்களும். கோடையில் இது கோல்ஃப் மைதானம். 2,650 மீட்டர் உயரம். பழைய பெயர் கௌரிமார்க். 16-ம் நூற்றாண்டில் யூசுப் ஷா சக் என்ற சுல்தான்தான் குல்மார்க், பூக்களின் வெளி, என்று மாற்றினார். நடுவில் ஒரு குன்றின் மேல் 1915-ல் ராஜ குடும்பம் கட்டிய சிவன் கோயில் இருந்தது. 2024 ஜூனில் அது தீயில் எரிந்துபோனது. குன்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன்.

இன்றைய பாடம் திருப்பம். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா, வலக்காலை அழுத்து. வலப்பக்கம் திரும்ப இடக்காலை. கேட்கும்போது தலைகீழாக இருக்கிறது, செய்தால் வண்டி மாதிரி வளைகிறது. வலப்பக்கம் வருகிறது. இடப்பக்கம் இன்னும் வரவில்லை. வலக்காலை நம்பி முழு எடையையும் தர மனசு வரமாட்டேன் என்கிறது. நாலு வருடத்துக்கு முன் பேங்க் படிக்கட்டில் தவறி விழுந்து சுளுக்கிக்கொண்ட கால் அது. வலி எப்போதோ போய்விட்டது. உடம்புதான் கணக்கை இன்னும் மூடவில்லை.

மேட்டின் அடியில் ஒரு காட்சி. உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர், மூத்தவனுக்கு எட்டு வயதுகூட இருக்காது, கோலும் இல்லாமல் கையுறையும் இல்லாமல் சர் சர்ரென்று இறங்கி, அடியில் வந்து பனியை வாரி இறைத்தபடி நிற்கிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரரான ஆரிஃப் கான் இந்தத் தங்மார்க் பக்கத்துக்காரர்தான். கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-வதாக வந்தார். நாலு வயதில் பலகை ஏறியவராம். எண்ணிக்கை பார்த்தால் 45 சின்ன இடமாகத் தெரியலாம். இந்த மேட்டில் இரண்டு நாள் நின்ற பிறகு எனக்கு அப்படித் தெரியவில்லை.

பிப்ரவரி 11

இன்று ஓய்வு. கால் எடுத்து வைக்க முடியவில்லை. பயிற்சியாளரே வேண்டாம் என்றுவிட்டார், களைத்த காலில்தான் காயம் படுமாம். மூன்று பேரும் பனியில் மெதுவாக நடந்து 1902-ல் கட்டிய புனித மேரி தேவாலயம் வரை போய் வந்தோம். சாம்பல் கல் சுவர், கூரை மேல் ஒரு முழம் பனி.

இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காஷ்மீரிகள் நம்மைப் போல அரிசிச் சோற்றுக்காரர்கள். 'பத்தா' என்கிறார்கள் சோற்றை. கூடவே ஹாக் என்ற கீரை, கடுகெண்ணெயில் காய்ந்த மிளகாயோடு தண்ணீராக வேகவைத்தது. மண்ணும் மழையும் வேறு, ஆனால் சோற்றில் கீரைத் தண்ணீரை ஊற்றிப் பிசைகிற கை ஒன்றுதான். சமையற்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ராஜ்மாவை முதல் நாளே ஊறப்போட்டுவிடுகிறார் சமையல்காரர். நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலை ஒரு கரண்டி கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி, இன்னொரு கரண்டி கேட்டார். பாட்டிலையே கொடுத்துவிட்டேன்.

அவர் தந்தது நூன் சாய். உப்புப் போட்ட, ரோஜா நிறத் தேநீர். முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். மூன்றாவது வாயில் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 12

காலை ஆறு மணிக்கு அம்மா போன். "ஏளா, அம்பது ஆயிட்டு. கை கால் பத்திரம். சறுக்குனது போதும், இன்னைக்காவது சும்மா இரி." அவளுக்கு 74. சும்மா இருக்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும். நல்லா இரு என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தாள். அண்ணன் வாட்ஸ்அப்பில் குரங்குப் பெடல் பற்றி ஒரு வரி அனுப்பியிருந்தான். இந்த நாட்குறிப்பைப் படிக்கிறான் போல.

ஒன்பதரைக்கு மேட்டடியில் நின்றோம். வானம் துடைத்த மாதிரி. பயிற்சியாளர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பாக்கெட்டிலிருந்து அந்தச் சின்ன நோட்டையும் திருப்புளியையும் எடுத்தார். என் பலகையைச் சாய்த்து வைக்கச் சொன்னார். எதற்கு என்றேன். அட்டவணையில் 50 வயது நிறைந்தவர்களுக்கு ஒரு படி இறக்க வேண்டும், நேற்று வரை 49, இன்றைக்கு 50 என்றார். பனியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என நான்கு திருகாணியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். சின்னக் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடு நகர்வதை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நெல்லிக்காய் அகலம்கூட இல்லாத ஒரு ஜன்னல். கோடு ஒரு நூலளவு கீழே வந்தது. விரல் சிவந்து போயிருந்தது அவருக்கு. கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "அப் டீக் ஹை" என்றார். இப்போது சரி.

இந்த வயதில் கிடைத்த வாழ்த்துகளில் இதைப் போல ஒன்று இல்லை. இனிமேல் நீ விழுந்தால் உன் காலை நான் சீக்கிரம் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன் என்று ஒருவர் மண்டியிட்டுச் சொல்வது என்றால் சும்மாவா? கணவர் அதைப் போட்டோ எடுத்தார். இந்தப் பயணத்தில் சட்டம் போட்டு மாட்டப்போவது அந்தப் படத்தைத்தான்.

பிறகு சறுக்கினேன். 11 முறை லிஃப்டில் ஏறினேன். முதல் ஆறு முறை அதே கதை, வலப்பக்கம் வளையும், இடப்பக்கம் நேராகப் போய் விழும். ஏழாவது முறை பயிற்சியாளர் பக்கத்தில் வரவில்லை. பாதி மேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இறங்கினேன். வலப்பக்கம் வளைந்தது. அடுத்து வலக்காலுக்கு எடையைத் தர வேண்டிய இடம். மரங்களின் உச்சியைப் பார்த்தேன், பூட்ஸின் நாக்கில் அந்த நீலம் பூத்த இடத்தை அழுத்தினேன். வலித்தது. பலகை மெதுவாக, ஒரு பெரிய படகு திரும்புகிற மாதிரி, இடப்பக்கம் வந்தது. பனி சீவும் சத்தம் கேட்டது, கொப்பரை துருவுகிற சத்தம். அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. அடிவாரத்தில் கூரையை அகலமாக்கி நின்றேன். விழாமல் நின்றேன்.

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், பலகையோடு பலகை மாட்டி இரண்டு பேரும் விழுந்தோம். என் வலது பைண்டிங் கழன்றது. விட வேண்டிய நேரத்தில் விட்டது.

இரவு விடுதியில் ஃபிர்னி செய்திருந்தார்கள், மண்சட்டியில், குங்குமப்பூ போட்டு. அரிசியை நொய்யாக அரைத்துப் பாலில் காய்ச்சுவது. பாயசம் இல்லாத பிறந்தநாள் எனக்கு இதுவரை வந்ததில்லை, இன்றும் வரவில்லை. மெழுகுவர்த்தி ஊதவில்லை. சமையல்காரர் தன் ஃபெரன் அங்கிக்குள்ளிருந்து காங்கிரியை எடுத்து என் மடியில் வைத்தார். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதற்குள் கனல். கொஞ்ச நேரம் அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 13

இன்று கொண்டோலா. உலகத்தின் உயரமான கேபிள் கார்களில் ஒன்று என்று எல்லோரும் வந்து ஏறுவது. குல்மார்க்கிலிருந்து கொங்டூரி ஒரு கட்டம், அங்கிருந்து அஃபர்வட் மலையின் தோள் வரை, சுமார் 3,950 மீட்டருக்கு, இரண்டாம் கட்டம். டிக்கெட் முன்னரே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். இரண்டாம் கட்டம் காற்றால் மூடியிருந்தது. வரிசையில் பலருக்கு முகம் வாடிவிட்டது. ஸ்ரீநகரிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள், அவர்கள் வருத்தம் நியாயம்தான்.

கொங்டூரியில் இறங்கினால் வடக்கே, மேகத்துக்கு மேலே, தனியாக நங்கா பர்பத். 8,126 மீட்டர். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. மேலேயிருந்து கன்னிப் பனியில் இறங்கத்தான் ஐரோப்பாவிலிருந்தெல்லாம் ஆட்கள் இங்கே வருகிறார்கள். பனிச்சரிவு அபாயம் உள்ள மலை. ஸ்கீ பேட்ரோல் என்ற பாதுகாப்புக் குழு ஒவ்வொரு நாளும் பார்த்து எச்சரிக்கை வெளியிடுகிறது, அதை மீறி ஒருவரும் போகக் கூடாது.

நான் கேபினிலிருந்து என் மேட்டைத் தேடினேன். உயரத்திலிருந்து பார்த்தால் அது ஒரு கைக்குட்டை அளவு வெள்ளை. குல்மார்க் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு நாள் வந்து கேபிள் காரில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். குறைந்தது நாலு நாள் ஒதுக்குங்கள். நல்ல பயிற்சியாளர் ஒருவரைப் பிடியுங்கள். அந்தக் கைக்குட்டையிலேயே நில்லுங்கள். கேபிள் கார் மேலே கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். மேட்டில் நின்றால் உங்கள் காலுக்கும் மலைக்கும் ஒரு பழக்கம் உண்டாகிறது. வசதியில்லாதவர்கள், நேரமில்லாதவர்கள் பற்றி நான் பேசவில்லை. இருப்பவர்கள்கூட நாலு நாளை நாலு ஊருக்குப் பிரித்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம்.

50 தாண்டியவர்களுக்கும் ஒன்று. இங்கே அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1960-களின் கடைசியிலிருந்து இருக்கிறது, ராணுவப் பள்ளி அதற்கும் முன்பு 1948-லிருந்து. தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்துப் பழகிய ஊர். வயதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், சரியான வயதைச் சொல்லுங்கள். திருகாணி அதைக் கேட்டுத்தான் திரும்புகிறது.

பிப்ரவரி 14

வண்டி பதினோரு மணிக்கு. எட்டரைக்கே மேட்டுக்குப் போனோம். ராத்திரி உறைந்த பனி, கண்ணாடி மாதிரி கெட்டி. நேற்று முன்தினம் கேட்ட கொப்பரைச் சத்தம் இல்லை, கத்தியைச் சாணை பிடிக்கிற சத்தம். மூன்று முறை இறங்கினேன். ஒரு முறை விழுந்தேன், மேட்டுப் பக்கமாக, சொல்லிக்கொடுத்தபடி. பலகையைக் குறுக்கே வைத்து எழுந்தேன்.

சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பூட்ஸைக் கழற்றியதும் பாதம் காற்றில் மிதப்பது மாதிரி இருந்தது. பணம் கொடுத்துவிட்டு, கை குலுக்கிவிட்டு, சொல்லத் தெரிந்த இந்தியை எல்லாம் சேர்த்து நன்றி சொன்னேன். பயிற்சியாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அடுத்த ஜனவரிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கணவர் முட்டிக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டு, அவரும் பலகை மாட்டலாம் என்று பேச்சு.

வாசலில் அடுத்த ஆள் காத்திருந்தான். டெல்லிப் பையன், 22 வயதாம். பயிற்சியாளர் என் பலகையைச் சாய்த்து வைத்து, எடை கேட்டு, உயரம் கேட்டு, வயது கேட்டு நோட்டில் எழுதினார். அப்புறம் கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, திருப்புளியை எடுத்தார். வண்டி ஹாரன் அடிக்கும் வரை நின்று பார்த்தேன்.

தங்மார்க்கில் சங்கிலியை அவிழ்க்கிறார்கள். அங்கேயிருந்துதான் இதை எழுதுகிறேன்.